பெரட்டுக்களத்தில் உட்கார்ந்தவர்கள்

பாப்பா,

உன் அப்பா ஏன் மலையை விட்டுக் கடலுக்குப் போனார் என்பதற்கு இந்தத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், இந்த லயத்தில், ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். தோட்ட வேலைக்கு வளையாத சோம்பேறி என்கிறார்கள். படித்த பெண்டாட்டியின் வாய்க்குப் பயந்து ஓடினான் என்கிறார்கள். நீ வளரும்போது இந்தக் காரணங்களும் உன்னோடு சேர்ந்து வளர்ந்துவிடும். அதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிட நினைக்கிறேன். உனக்கு இப்போது நாலு வயது. இப்போது சொன்னால் உனக்குப் புரியாது. உனக்குப் புரியும் வயதில் சொல்லலாம் என்றால், அதுவரை எனக்கு எல்லாம் இப்படியே ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை. உனக்காகத்தான் எழுதுகிறேன். வேறு பிள்ளைகளின் அம்மாக்களும் வாசிக்கட்டும் என்று பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். அதில் உனக்கு ஆட்சேபனை இருக்காது என்று நம்புகிறேன். இந்த ஆட்சேபனை என்ற சொல்லைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ தூங்கிவிட்டாய். போன் ஜன்னல் பலகையில் இருக்கிறது. நம் காம்பராவில், லயத்தில் நமக்குள்ள இந்த அறையில், சிக்னல் கிடைப்பது அந்த ஓரிடத்தில்தான். ஒரு சாண் நகர்த்தினாலும் போய்விடும். உன் அப்பா வேலை செய்வது பலநாள் படகில். ஒரு முறை போனால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து மீன் பிடித்துவிட்டுத் திரும்புகிற படகு அது. அது கரைக்கு வர வேண்டிய நாள் கடந்துவிட்டது. படகு முதலாளிக்கு எடுத்துக் கேட்டேன். "காற்று இருந்தால் பிந்தத்தான் செய்யும், பயப்படாதே நங்கி" என்று சிங்களத்தில் சொன்னார். நங்கி என்றால் தங்கச்சி. ரேடியோவில் பேசினீர்களா என்று கேட்டேன். ரேடியோ எல்லா நேரமும் எடுக்காது என்றார். அதற்குப் பிறகு அவரும் என் அழைப்பை எடுக்கவில்லை.

முதலில் உன் அப்பாவையும் தண்ணீரையும் பற்றிச் சொல்கிறேன். நம் லயத்துக்குக் கீழே தேயிலை முடிகிற இடத்தில் நீர்த்தேக்கம் தொடங்குகிறது. டேம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மலையிலிருந்து இறங்கும் ஆறு அதில் சேருகிற இடத்தில், தண்ணீர் முழங்கையை மடக்கி வைத்ததுபோல உள்ளே வளைந்து கிடக்கும். காற்று அடிக்காத இடம். இரண்டு லொறி டியூப்பின் மேல் பலகையைக் கட்டி, அதில் ஏறி உட்கார்ந்து, அந்த மடக்குக்குள்தான் உன் அப்பா வலை போடுவார். அந்த மிதவைக்கு அவர் வைத்த பெயர் கப்பல். "கப்பல் கெளம்புது, டாட்டா சொல்லு" என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். காலையில் கிடைத்த திலாப்பியாவையும் கெண்டையையும் முதல் பஸ்ஸில் மஸ்கெலியா டவுனுக்குக் கொண்டுபோய் மீன் வாங்கி விற்கிற நானா கடையில் கொடுத்துவிட்டு, உனக்கு ஏதாவது ஒரு பொட்டலத்தோடு திரும்புவார். நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது அவர் வாசலுக்கு வந்துவிடுவார். உன்னை என் இடுப்பிலிருந்து அவர் தோளுக்கு மாற்றிக்கொள்வோம். அந்த ஒரு நிமிடம் மூன்று பேருக்கும் மீன் வாசம் அடிக்கும். பட்டப்படிப்பு முடித்த ஆசிரியை வகுப்புக்குள் மீன் வாசத்தோடு நுழைகிறாள் என்று எனக்கு அப்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இப்போது அந்த வாசம் படிந்திருக்குமா என்று அவருடைய பழைய சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். துவைத்து வைத்திருக்கிறேன். சவர்க்காரம்தான் மணக்கிறது.

மழை மாதங்களில் ஆற்றுவாய்ப் பக்கம் அவர் போகமாட்டார். "சென மீனு ஓரத்துக்கு வர்ற நேரம். இப்பப் புடிச்சா அடுத்த வருசத்தையும் சேத்துப் புடிச்ச மாதிரி" என்பார். வெளியிடங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள், கொசுவலை மாதிரி கண் சிறுத்த வலையை வீசி, விரல் நீளக் குஞ்சுகளைக்கூட அள்ளிக்கொண்டு போவார்கள். உன் அப்பா அவர்களோடு சண்டை போட்டு ஒரு முறை உதடு கிழிந்து வந்திருக்கிறார். அதனால், ஆற்றுவாயை மீன் பெருக்கத்துக்கான பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, இந்தத் தோட்டத்திலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான். "இனிமே அவனுங்க வலைய அவனுங்களே போர்த்திக்கிட்டுப் படுக்க வேண்டியதுதான்" என்றார். யாராவது உன்னிடம், உன் அப்பன் பாதுகாப்புக்கு எதிரானவன் என்று சொன்னால் இதை நினைத்துக்கொள்.

அறிவிப்பதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமாம். அதற்கு ஒரு ஆபீசர் வருகிறார், எல்லோரும் பெரட்டுக்களத்துக்கு வந்துவிட வேண்டும் என்று கண்டாக்கையா சொன்னார். தோட்டத்தில் வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தர் அவர். நீ வளர்ந்து எங்கே இருப்பாயோ, பெரட்டு என்றால் என்னவென்று உனக்குத் தெரியாமல்கூடப் போகலாம். அப்படிப் போனால் நல்லதுதான். விடிந்ததும் தொழிலாளர்கள் எல்லோரும் ஓரிடத்தில் வரிசையாக நிற்பார்கள். யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டும் என்று சொல்வார்கள். கேட்டுக்கொண்டு போக வேண்டும். அதுதான் பெரட்டு. அங்கே பதில் பேசுகிறவளுக்கு அன்றைக்குப் பேர் கிடைக்காமல் போகலாம். பேர் என்றால் இங்கே பெயர் மட்டுமில்லை. ஒரு நாள் கூலிக்கும் அதுதான் சொல். தலைமுறை தலைமுறையாக அந்தக் களத்தில் நம் ஆட்கள் கற்றுக்கொண்டது இரண்டே விஷயம்: நிற்பது, கேட்டுக்கொள்வது.

அன்றைக்கும் நின்றோம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். எனக்கு முன்னால் நம் பக்கத்துக் காம்பரா சாந்தி அக்கா. மலைக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தார், கூடையை மட்டும் இறக்கி வைத்துவிட்டு.

"என்னா டீச்சரு, இன்னைக்கு நிக்கிறதுக்கு அரப் பேரா, முழுப் பேரா?" என்று கேட்டார்.

"பேரெல்லாம் இல்லக்கா. கருத்துக் கேக்க வந்திருக்காங்க."

"கேக்குறதுக்கு அவங்களுக்குப் பேரு உண்டுதானே? அப்ப நிக்கிறதுக்கு எங்களுக்கும் குடுக்கணும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. கண்டாக்கையா திரும்பினார். சிரிப்பு நின்றுவிட்டது.

ஆபீசர் இளைஞர், சிங்களவர், நல்ல மனிதர். தமிழில் எழுதி வைத்திருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். பெரிய பெரிய படங்கள் கொண்டு வந்திருந்தார். கடல், பவளப்பாறை, அதன் மேல் கூட்டங்கூட்டமாக மீன். கடற்கரையில் மீனவர்களே கூடிப் பேசி, இந்த இடத்தில் இனிமேல் வலை போடுவதில்லை என்று கோடு போட்டுக்கொண்டார்கள், சில வருடங்களில் மீன் திரும்பி வந்தது, அதைப்போல இங்கேயும் மக்களின் பங்களிப்போடு செய்யப்போகிறோம் என்றார். பிறகு நம் நீர்த்தேக்கத்தின் வரைபடத்தைச் சுவரில் மாட்டினார். சிவப்புக் கோடு ஆற்றுவாயோடு நிற்கவில்லை. அந்த மடக்கு முழுவதையும், உன் அப்பா வலை போடுகிற பாறை ஓரத்தையும், பெண்கள் துணி துவைக்கிற இடத்தையும் சேர்த்து வளைத்திருந்தது. மீன் பிடிக்க விட்டிருந்தது அக்கரையை மட்டும். அக்கரைக்குப் போக வேண்டுமானால் காற்று சுழற்றியடிக்கிற திறந்த தண்ணீரைக் கடக்க வேண்டும். டியூப்பில் கடக்கிற தண்ணீர் இல்லை அது.

"இது தொடர்பில் பொதுமக்களாகிய உங்களிடமிருந்து ஏதேனும் ஆட்சேபனைகள் உண்டா?" என்று ஆபீசர் வாசித்தார்.

சாந்தி அக்கா தலையைத் திருப்பாமல் மெதுவாகக் கேட்டார். "டீச்சரு, பொதுமக்கள்னா யாரு, நாட்டாளுங்களா?"

நாட்டாளுங்க என்றால் சுற்றியிருக்கிற சிங்களக் கிராமத்து ஆட்கள். "இல்லக்கா, நாமதான்" என்றேன்.

"நாமளா? நாம தொழிலாளிங்க இல்ல?"

"நாமளும் பொதுமக்கள்தான்க்கா."

"ஆட்சேபனைன்னா?"

"அவங்க சொல்றதுக்கு எதிர்ப்பு ஏதாவது இருக்கான்னு கேக்குறாரு."

"ஆபீசரு முன்னாடி எதுத்துப் பேசவா பெரட்டுக்கு வந்தோம்" என்று சொல்லிவிட்டு அவர் நேராக நின்றுகொண்டார்.

கடைசி வரிசையில் உன் அப்பா நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். அதே நேரம் கண்டாக்கையா அந்தப் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூட இல்லை, சும்மா திரும்பினார். வாய் மூடிக்கொண்டது. எனக்கு அந்தக் கோடு என்ன செய்யும் என்று தெரிந்தது, ஆட்சேபனை என்றால் என்னவென்றும் தெரிந்தது. கை தூக்கிக் கேள்வி கேளுங்கள் என்று தினமும் பிள்ளைகளிடம் சொல்கிற என் கை உன்னைப் பிடித்திருந்தது. பிடித்தபடியே இருந்தது. ஆபீசர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். பெயர் கேட்டு எழுதினார்கள். அது நமக்குப் பழக்கம், மளமளவென்று கொடுத்தோம். வரிசையைப் படம் எடுத்தார்கள். மக்கள் எல்லோரும் வந்தார்கள், ஒருவரும் எதிர்க்கவில்லை என்று முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் கரையில் பலகை நட்டார்கள். இன்னும் முழுதாகச் சட்டமாகவில்லை என்றாலும் காவலுக்கு ஆள் வந்தது. உன் அப்பா அக்கரைக்குப் போகத் தொடங்கினார். ஒரு நாள் சாயங்காலம் காற்று எழும்பி, துடுப்பு கைவிட்டுப் போய், இருட்டிய பிறகுதான் கரைக்கு வந்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு கரையில் நின்ற என்னைப் பார்த்து, நடுங்கிக்கொண்டே, "கப்பல் கொஞ்சம் லேட்டு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன்னை அவர் முன்னால் நிறுத்தினேன்.

"பாப்பா தலையில கைய வச்சுச் சொல்லுங்க, இனிமே அந்தத் தண்ணியில கால் வைக்க மாட்டேன்னு."

"என்னா இது புள்ள, சின்னப் புள்ளயாட்டம்."

"சொல்லுங்க."

சொன்னார். சொன்னபடி அந்தத் தண்ணீரில் அவர் கால் வைக்கவில்லை. கடற்கரையில் படகு வேலை செய்கிற பழைய சிநேகிதன் ஒருவனுக்குப் போன் பண்ணினார். பையைக் கட்டிக்கொண்டு நின்றபோது நான் கத்தினேன், சத்தியம் பண்ணினீங்களே என்று. "நீதானே அந்தத் தண்ணின்னு சொன்ன? இது வேற தண்ணி" என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டேமில் போகவேண்டாம் என்று தடுத்தவள் நான், பாப்பா. தடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலும் பயமாக இருக்கிறது, தடுத்ததால் என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாலும் பயமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீர்தான். யார் மேல் எவ்வளவு அன்பு இருந்தாலும் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்காதே. அப்படி வாங்கிய சத்தியத்துக்கு ஒரு வாசல் பின்பக்கமாகத் திறந்திருக்கும், நாம் பார்க்காத பக்கமாக.

இரண்டாம் முறை கடலுக்குப் போவதற்கு முன் ஒரு நாள் போன் பண்ணினார். நீ ஜன்னலுக்கு எம்பி எம்பிக் குதித்து "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டிருந்தாய்.

"இங்கயும் கூட்டம் போட்டாங்க புள்ள" என்றார். "கடல்ல ஒரு திட்டு இருக்கு, அத மூடப் போறாங்களாம், மீனு பெருகட்டும்னு. நம்ம ஊர்ல போட்ட மாதிரியேதான், அதே படம், அதே பேச்சு. ஆனா இவனுங்க உட்டானுங்களா? ஒருத்தன் ஆபீசரு கையில இருந்த மேப்ப வாங்கித் தலகீழாத் திருப்பிப் புடிச்சுக்கிட்டு, இப்பிடிப் பாத்தாத்தான் எனக்கு வெளங்கும்கிறான். ஒரு பொம்பள எந்திரிச்சு, எங்க வாசல்ல கோடு போட உனக்கு யாருப்பா பேனா குடுத்தான்னு கேட்டுச்சு. சண்ட. அப்பறம் எல்லாருக்கும் டீ. டீயக் குடிச்சுட்டு மறுபடியும் சண்ட. கடைசியில ஆபீசரு, சரி, நீங்களே போடுங்கன்னு பென்சிலத் தூக்கிக் குடுத்துட்டாரு. போட்டானுங்க. அவரு போட்டதவிட ஒரு பக்கம் பெருசாவே போட்டானுங்க, அதான் ஆச்சரியம்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்றது. நான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

"எல்லாரும் நின்னாங்களா?"

நீ எம்பி ஜன்னல் பலகையைத் தட்டினாய். சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"இல்ல புள்ள. அவங்கெல்லாம் மணல்ல உக்காந்துருந்தாங்க. நான் மட்டுந்தான் நின்னேன், கையக் கட்டிக்கிட்டு. ஒரு கெழவரு, தம்பி உக்காருன்னு சொன்னதுக்கப்பறந்தான் கவனிச்சேன். உக்காரச் சொன்னதும் எனக்கு என்னமோ பயமாயிருச்சு."

உக்காரு என்ற அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பல நாள் தூங்கவில்லை. பொதுமக்கள் பங்கெடுப்பு என்று நான் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறேன். பங்கெடுக்க முதலில் உட்கார வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு டவுனில் இருக்கிற அந்த ஆபீசரின் ஆபீசுக்குப் போனேன். முதல் நாள் ஆபீசர் இல்லை. அடுத்த முறை இருந்தார்.

"உங்கள் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்களே டீச்சர். ஒருவர்கூட எதிர்க்கவில்லையே" என்று சிங்களத்தில் சொன்னார்.

"அவர்கள் கூட்டத்துக்கு வரவில்லை மாத்தயா. பெரட்டுக்கு வந்தார்கள்" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.

பெரட்டு அவருக்குத் தெரியவில்லை. எழுந்து நின்று காட்டினேன், அந்த மேசைக்கு முன்னாலேயே, கையைக் கட்டி, கண்ணைத் தாழ்த்தி. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். "ஆனால் பேசியிருக்கலாமே, யாரும் தடுக்கவில்லையே" என்றார் அவர். யாரும் தடுக்கவில்லைதான் என்றேன். அழுதுவிட்டேன். அழுதது உபாயம் இல்லை, பாப்பா. என் புருஷன் அலையில் கிடக்கிறான், அந்தப் பாறை ஓரத்தை விட்டுக்கொடுத்தால் அவன் வீட்டுக்கு வருவான், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னபோது தானாக வந்தது. அவர் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். வரைபடத்தை மேலே அனுப்பியாயிற்று, ஆனாலும் ஒரு முறை வந்து பார்க்கிறேன் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். இடம் அதே களம்தான், எல்லோரும் சேர நமக்கு வேறு சமதரை இல்லை. நான் காம்பரா காம்பராவாக ஏறி இறங்கிச் சொல்லியிருந்தேன். "போன தடவ நின்ன கால்வலியே இன்னும் போகல" என்று சிலர் வரவில்லை. வந்தவர்கள் வந்தவுடன் வரிசையில் நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, கால்களுக்குத் தெரிந்திருந்தது. கண்டாக்கையாவும் தன் வழக்கமான இடத்தில், படிக்குப் பக்கத்தில் நின்றார். ஆபீசர் தாளை எடுத்தார். அவர் வாய் திறப்பதற்குள், உன்னை மடியில் இழுத்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற சேலை. ஈர மண்.

"டீச்சரு, எந்திரிங்க. கண்டாக்கு பாக்குறாரு" என்று சாந்தி அக்கா குனிந்து சொன்னார்.

"பாக்கட்டும்க்கா. எனக்குக் கால் வலிக்குது."

"மயக்கமா?"

"இல்லக்கா. பேசணும். நின்னா எனக்குப் பேச்சு வராது."

அவர் என்னைப் பார்த்தார், கண்டாக்கையாவைப் பார்த்தார், பிறகு என்ன நினைத்தாரோ, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்தார். தேயிலைச் செடி கிழிக்காமல் இருக்கக் கொழுந்தெடுப்பவர்கள் கட்டிக்கொள்கிற தடித்த துணி அது. ஞாயிற்றுக்கிழமையும் விறகுக்குப் போய்விட்டு வந்திருந்தார். அதை ஒரு உதறு உதறி விரித்து, "இந்தக் களத்துல நின்னு நின்னே எங்க ஆத்தாளுக்குக் காலு வளைஞ்சு போச்சு. ஒரு நாளு உக்காந்துதான் பாப்பமே" என்று சொல்லி உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒருத்தி. பிறகு இருவர். உட்கார்ந்த பிறகு வரிசையாக இருக்க முடியவில்லை, பாப்பா. அதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். நிற்கும்போது முன்னால் இருக்கிறவளின் முதுகு தெரியும். உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறது, ஆள் திரும்புகிறாள், முகம் தெரிகிறது.

வாசிக்க வேண்டாம், வரைபடத்தைக் கீழே விரியுங்கள் என்று ஆபீசரிடம் சொன்னேன். விரித்தார். காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தோம்.

"இதுல நம்ம லயம் எங்க இருக்கு?" என்று சாந்தி அக்கா கேட்டார்.

ஆபீசர் தேடினார். தேயிலை என்று பச்சை நிறம் இருந்தது, ரோடு இருந்தது, தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களா இருந்தது. லயம் இல்லை.

"அதானே பாத்தேன். நாமதான் பொதுமக்கள்னு டீச்சரு அன்னைக்குப் பெருசாச் சொல்லுச்சு" என்று சொல்லி, ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பச்சையின் ஓரத்தில் வைத்தார். "சார், இது நாங்க."

அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கல் வைத்தார்கள். இது கோயில். இது தண்ணீர் பிடிக்கிற பீலி. இது துணி துவைக்கிற பாறை. துவைக்கவும் கூடாதா என்று ஒருத்தி கேட்க, சவர்க்காரத் தண்ணீர் மீன் முட்டைக்குக் கெடுதி என்று ஆபீசர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "அப்ப லயத்துக்கு நாலு பீலி சேத்துப் போட்டுக் குடுங்க, மீனுக்கும் நல்லது, எங்க முதுகுக்கும் நல்லது" என்றாள். உன் அப்பாவோடு வலை போட்ட மணியம் அண்ணன், ஆற்றுவாயில் விரலை வைத்து, "இந்த வாய மூடுங்க சார். முழுசா மூடுங்க. காவலுக்கு நாங்களே இருக்கோம். இந்தப் பாற ஓரத்த மட்டும் விட்டுருங்க, அக்கரைக்குப் போனா நாங்க திரும்பி வரமாட்டோம்" என்றார். அப்போது மேலேயிருந்து ஒரு குரல். "மழ மாசத்துல பாற ஓரமும் வேணாம். அப்ப அங்கயும் முட்ட கெடக்கும்." கண்டாக்கையா. அவர் உட்காரவில்லை. ஆனால் பேசினார். உன் அப்பா சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் சொன்னார். இவருக்கும் தெரிந்திருக்கிறது, இவரும் அன்றைக்கு நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

கல்லோடு சேர்த்து வரைபடத்தை ஆபீசர் படம் எடுத்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். புறப்படும்போது என்னிடம் தனியாக, "அனுப்புகிறேன் டீச்சர். ஆனால் மேலே போனது திரும்பி வருமா என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். பொய் சொல்லாததற்கு அவருக்கு நன்றி. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு செய்தியும் இல்லை. கரையில் அந்தப் பலகை அப்படியே நிற்கிறது.

அன்றைக்கு நான் களத்திலிருந்து ஓடி வந்தேன், உன்னை இழுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு. நாங்க உக்காந்தோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவர் போன் வேலை செய்யவில்லை. அவர் கடலில் இருந்தார். திரும்பி வந்ததும் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். வர வேண்டிய நாள் வந்தது, போனது. நேற்று நீ பால்மா டின்களை வரிசையாக நிறுத்திப் பெரட்டு விளையாடிக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு டின்னாகப் பெயர் சொன்னாய். அப்பா என்று ஒரு டின்னுக்குப் பெயர் வைத்து, "அப்பா வரல, பேரு இல்ல" என்றாய். நான் அந்த டின்களைக் காலால் எத்திவிட்டேன். நீ அழுதாய். ஏன் எத்தினேன் என்று உனக்குச் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

உனக்கு அறிவுரை சொல்கிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் நீ வாழப்போகிற எந்த ஊரிலும் யாராவது வரைபடத்தோடு வந்து உன் கருத்தைக் கேட்பார்கள். கடலுக்கோ, மலைக்கோ, நீ குடியிருக்கிற தெருவுக்கோ. நல்லதைச் செய்யவே வந்திருப்பார்கள். அவர்களைப் பகைக்காதே. சொல் புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல். அந்த வரைபடத்தில் உன் வீடு எங்கே என்று முதலில் கேள். இல்லாவிட்டால் ஒரு கல்லை எடுத்து வை. நாங்கள் இதையெல்லாம் இரண்டாம் தடவையில் செய்தோம். உன் அப்பா முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் போய்விட்டார்.

ஜன்னல் பலகையில் போனுக்குப் பக்கத்தில் தாளை வைத்து, இவ்வளவு நேரமும் நின்றபடியேதான் இதை எழுதினேன். காலிரண்டும் மரத்துவிட்டன. நகர்ந்தால் சிக்னல் போய்விடும், அதனால் நிற்கிறேன். அவர் குரல் வரும்வரை எனக்கு உட்கார வராது.

நீ இதை உட்கார்ந்து வாசி, பாப்பா.

அம்மா